பேப்பர் பிளேட்டுக்காரி வீட்டு மான்ஸ்டர்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் எந்த விசேஷம் வந்தாலும் என் பங்கு பேப்பர் பிளேட். பொங்கலுக்கு ஒரு வீட்டில் சர்க்கரைப் பொங்கல், ஒரு வீட்டில் வடை, ஒரு வீட்டில் சாம்பார். நான் பேப்பர் பிளேட்டும் டம்ளரும். நவராத்திரிக்குச் சுண்டல் யாரோ, தொன்னை நான். புத்தாண்டுக்கு கேக் யாரோ, டிஷ்யூ நான். யார் என்ன கொண்டுவர வேண்டும் என்று வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது செகரட்டரி அம்மாவின் வேலை. அவர் செகரட்டரி இல்லை, செகரட்டரியின் மனைவி. ஆனால் குடியிருப்பை நடத்துவது அவர்தான், அதனால் எல்லோருக்கும் அவர்தான் செகரட்டரி அம்மா.

எனக்குச் சமைக்கத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். நான் வைக்கும் நெத்திலிக் குழம்புக்கு நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வார்டில் டாக்டர் முதல் ஆயா வரை டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு காத்திருப்பார்கள். விஷயம் சமையல் இல்லை. விஷயம் ஒரு வார்த்தை.

புதுப்பட்டினத்தில் இந்த வீட்டை வாங்கிப் பால் காய்ச்சிய அன்று செகரட்டரி அம்மா வந்திருந்தார். "இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?" என்று கேட்டார். "காலனியிலங்க" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நாங்களும் காலனிதான்! எந்த டைப்?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "டைப்பெல்லாம் இல்லீங்க, சொந்த வீடு" என்றேன். "காலனிக்குள்ள சொந்த வீடா!" என்று அவர் வாய் பிளந்து, என்னைப் பெரிய இடம் என்று முடிவுகட்டிவிட்டார்.

கல்பாக்கம் பக்கத்தில் வேலை பார்த்து, பதவிக்கேற்ப டைப் டைப்பாகப் பிரித்த அரசுக் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் அந்த இடத்தைக் காலனி என்பார்கள். அச்சரப்பாக்கத்தைத் தாண்டி எங்கள் பக்கத்தில் காலனி என்றால் ஏரிக்கு அந்தாண்டை இருக்கும் நாங்கள். அங்கே ஊர் என்பது வேறு, காலனி என்பது வேறு. ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் சில வாரங்கள் உறவு கொண்டாடினோம். அவர் வீட்டுப் பாயசம் என் வீட்டுக்கு வந்தது, என் வீட்டுக் கொழுக்கட்டை அவர் வீட்டுக்குப் போனது. பிறகு ஒருநாள் அவர் வீட்டுக்காரர் என் கணவரிடம் பேச்சுவாக்கில் எந்தக் காலனி என்று விசாரித்திருக்கிறார். இவரும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அதோடு பாயசம் நின்றது. அடுத்த பண்டிகையில் பேப்பர் பிளேட் ஆரம்பித்தது.

ஆனால் என் கையை மட்டும் அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் நர்ஸ், இங்கே எல்லோருக்கும் நான் சிஸ்டர். காலையில் டூட்டிக்குக் கிளம்பும் முன் செகரட்டரி அம்மாவின் மாமனாருக்கு இன்சுலின் போடுவது நான். பிரஷர் பார்ப்பதும், விரலில் குத்தி சுகர் பார்ப்பதும், குழந்தைகளுக்கு ஜுரம் என்றால் ஓடுவதும் நான். அப்போதெல்லாம் "உங்க கை ராசியான கை சிஸ்டர்" என்பார்கள். ராசியான கைக்குக் கரண்டி பிடிக்கத்தான் அனுமதி இல்லை.

இவ்வளவு நாளும் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று கேட்பீர்கள். கடன் போட்டு வாங்கிய வீடு இல்லையா, வந்த இடத்தில் வம்பு வேண்டாம் என்று என் கணவர் சொல்வார். "வுடுமே, இன்னாத்துக்குப் பேஜாரு? பிளேட்டு வாங்கினா நமக்கு கேஸ் மிச்சம்." சிரிக்க வைக்கத்தான் சொல்வார். நானும் சிரிப்பேன். டூட்டி முடிந்து வந்து இரவு படுத்தால் அந்தச் சிரிப்பு நெஞ்சில் கரித்துக்கொண்டிருக்கும்.

போன ஐப்பசியில் குரூப்பில் ஒரு புதுச் செய்தி வந்தது. குழந்தைகளுக்கு ஹாலோவீன் பார்ட்டி. மான்ஸ்டர் தீம். அதில் நோ ஃபயர் குக்கிங், அதாவது அடுப்பே பற்ற வைக்காமல் பிள்ளைகளே பலகாரம் செய்ய வேண்டும். எல்லோரும் செகரட்டரி அம்மா வீட்டில் கூடிச் செய்வது என்று ஏற்பாடு. கடைசி வரியில் வழக்கம்போல, 'சிஸ்டர்: பேப்பர் பிளேட்'.

ஹாலோவீன் என்றால் என்ன என்று எனக்கு அப்போது சரியாகத் தெரியாது. பேய் வேஷம் போட்டு மிட்டாய் கேட்கும் பண்டிகை என்று என் மகள்தான் சொன்னாள். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். என் தோளுக்குப் பின்னால் நின்று செய்தியைப் படித்தவள், "ஏம்மா, நம்ம வூட்ல மட்டும் எப்பவும் பிளேட்டு?" என்றாள்.

நான் சரி என்று போடுவதற்குக் கட்டைவிரலை வைத்திருந்தேன். அந்த விரல் அப்படியே நின்றது. அவளுக்கு இன்றைக்கு நான் ஏதாவது பொய் சொன்னால் நாளைக்கு அவளாகவே காரணம் கண்டுபிடிப்பாள். கண்டுபிடித்துவிட்டு என்னை மாதிரி சிரிக்கக் கற்றுக்கொள்வாள். அதை நினைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வெட்கமில்லை, கோபம். என் மகள் தலையைக் குனிந்துகொண்டு பிளேட் அடுக்கக் கூடாது. அவள் கையால் செய்ததை இந்தக் குடியிருப்பு தின்ன வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

'பிளேட் வேற யாராவது வாங்கிக்கொள்ளுங்கள். மான்ஸ்டர் உருண்டை எங்கள் வீட்டில் செய்கிறோம்' என்று போட்டேன்.

எந்நேரமும் குட் மார்னிங் பூக்கள் பூத்துக்கொண்டிருக்கும் குரூப் கப்சிப் என்று ஆகிவிட்டது. சற்று நேரத்தில் செகரட்டரி அம்மா போன் செய்தார். "எதுக்கு சிஸ்டர் உங்களுக்கு சிரமம்? டூட்டிக்கு வேற போறீங்க. அதுவும் இது நோ ஃபயர் பாருங்க, எல்லாம் கையாலயே பிசையணும். சமைச்சதுன்னாகூட சூட்டுல கிருமி போயிடும். ஹைஜீன் பாக்கணும் இல்லையா? செய்யணும்னா பாக்கெட் ஐட்டமா ஏதாவது வாங்கிடுங்களேன்."

"கை கழுவறதுக்கு எங்களுக்குத் தனியா டிரெயினிங்கே குடுத்திருக்காங்கக்கா" என்றேன். "பாத்துக்கறேன்." போனை வைத்துவிட்டு, வாங்க வேண்டிய சாமானுக்குப் பட்டியல் எழுத உட்கார்ந்தேன்.

பார்ட்டி அன்று காலையிலிருந்தே மழை கொட்டித் தீர்த்தது. ஸ்கூலுக்கு லீவு விட்டுவிட்டார்கள். எனக்கும் வார விடுப்பு. செகரட்டரி அம்மா மழைக்கு முன்பே ஏதோ வேலையாகச் செங்கல்பட்டு போனவர், ரோட்டில் தண்ணீர் நின்று பஸ்ஸெல்லாம் தாமதமாகி அங்கேயே மாட்டிக்கொண்டார். அவர் வீட்டில் கூட வேண்டிய பிள்ளைகள் எல்லாம் மதியம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். என் மகள்தான் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டிக் கூப்பிட்டிருக்கிறாள். செகரட்டரி அம்மாவின் மகளும் வந்திருந்தாள். அவளும் என் மகளும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச்.

முதல் வேலையாக எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துக் கை கழுவ விட்டேன். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று ஆபரேஷன் தியேட்டருக்குள் போகிற மாதிரி. ஒரு பொடியனுக்கு இரண்டு தடவை. இனி எவளாவது ஹைஜீன் என்று வாயைத் திறக்கட்டும் என்று இருந்தது.

கரண்ட் இல்லை. மிக்ஸி ஓடாது. அதுவும் நல்லதாகப் போயிற்று. சாக்லேட் பிஸ்கெட்டைக் கவரில் போட்டுச் சப்பாத்திக் கட்டையால் அடிக்கச் சொன்னேன். மழைச் சத்தத்தையும் மீறிக்கொண்டு அடித்தார்கள். பொட்டுக்கடலை மாவு ஏற்கெனவே அரைத்து வைத்திருந்தேன். தேங்காய்த் துருவல், கொட்டை எடுத்த பேரீச்சம்பழம், ஒரு டின் பால். எல்லாவற்றையும் அகலமான பேசினில் கொட்டி, கையை விட்டுப் பிசையுங்கள் என்றதும் ஒரு நிமிடம் தயங்கினார்கள். வீட்டில் எப்போதும் "தொடாதே, தொடாதே" என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள். என் மகள் முழங்கை வரை இறக்கினாள். அப்புறம் பேசினுக்குள் எத்தனை கை இருந்தது, எது யாருடையது என்று எனக்கே தெரியவில்லை.

உள்ளங்கையில் நெய் தடவி உருண்டை பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். பிடித்தார்கள். சப்பை, நீள்வட்டம், கோணல், எல்லாம் உருண்டைதான். பிடித்ததில் பாதி தாம்பாளத்துக்கு வரும் முன்பே வாய்க்குள் போனது. அடுப்பில்லாத சமையலில் இது ஒரு வசதி, வேகட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

சண்டை வந்தது மான்ஸ்டர் முகத்தில். மான்ஸ்டருக்கு ஒரு கண்ணா, மூன்று கண்ணா? பல் உண்டா? ஒருவன் பச்சை நிறம் என்றான், ஒருத்தி எட்டுக் கால் என்றாள். கூகுளைத் தேடலாம் என்றால் நெட்டும் இல்லை. அப்போது செகரட்டரி அம்மாவின் மகள் ஜன்னலைக் காட்டினாள். "ஆன்டி, அதோ மான்ஸ்டர்!"

எதிரே பாதி கட்டி நிற்கும் வீட்டின் இரண்டாம் மாடியில் திருஷ்டி பொம்மை தொங்கிக்கொண்டிருந்தது. மழையில் நனைந்து, முறுக்கு மீசையும் பிதுங்கிய கண்ணும் கோரைப்பல்லும் தொங்குகிற நாக்குமாகக் காற்றில் ஆடியது. எல்லோரும் ஜன்னலில் தொற்றிக்கொண்டு பார்த்தார்கள். வெளிநாட்டு மான்ஸ்டரை யார் கண்டது? இவனைத் தினம் ஸ்கூல் பஸ்ஸிலிருந்து பார்க்கிறார்கள்.

வேலை மளமளவென்று நடந்தது. கண்ணுக்குக் கலர் மிட்டாய், கோரைப்பல்லுக்கு உடைத்த முந்திரி, நாக்குக்குச் சிவப்பு ஜெல்லி, தலைமுடிக்கும் மீசைக்கும் ஓமப்பொடி. இனிப்பில் ஓமப்பொடியா என்று நான் முகம் சுளித்தேன். தின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. எல்லாம் முடிந்த பிறகு மாடி வீட்டுச் சின்னப் பெண், இன்னும் ஸ்கூலுக்கே போகாதது, ஒரு குச்சியைச் சாக்லேட் சிரப்பில் தொட்டு ஒவ்வொரு மான்ஸ்டர் கன்னத்திலும் ஒரு பொட்டு வைத்தது. "இது எதுக்குடி?" என்றேன். "கண்ணு படாம இருக்க ஆன்டி. எவ்ளோ அழகா கீதுங்க!" என்றது. ஊர் கண்ணை வாங்கிக்கொள்ளும் திருஷ்டி பொம்மைக்கே திருஷ்டிப் பொட்டு. எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் நான் அப்படி வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று தோன்றுகிறது.

சாயங்காலம் மழை விட்டது. கீழே ஹாலில் கறுப்புக் கவரை வெட்டி வௌவால் ஒட்டியிருந்தார்கள். பிள்ளைகள் வெள்ளைப் போர்வையும் அம்மாக்களின் பழைய துப்பட்டாவுமாகப் பேயாகித் திரிந்தார்கள். செகரட்டரி அம்மாவும் ஒரு வழியாக வந்து சேர்ந்திருந்தார். மேஜையில் சாண்ட்விச், பழம், ஜூஸ். நானும் மகளும் பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கொண்டுவந்து வைத்தோம். அவள் மேலே மூடியிருந்த துணியை எடுத்தாள். ஒரு கூட்டமே மீசையோடு முறைத்தது.

செகரட்டரி அம்மா எட்டிப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். இப்போது நினைத்தாலும் அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"ஐயையோ, இது திருஷ்டி பொம்மை இல்ல? பொட்டு வேற வெச்சிருக்கீங்க? இதைப் போயி யாராவது சாப்பிடுவாங்களா? எல்லா திருஷ்டியும் நம்ம குழந்தைங்க மேல வந்துடும். பசங்களா, யாரும் தொடாதீங்க. நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க, ஆனா சாஸ்திரம்னு ஒண்ணு இருக்கே சிஸ்டர். வாட்ச்மேனை விட்டு, குழந்தைங்களுக்குச் சுத்தி முச்சந்தியில போட்டுடலாம். புண்ணியமாப் போகும்."

சுற்றி நின்ற அம்மாக்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். பூசணிக்காயாக இருந்தால் சரி, திருஷ்டி கழித்ததை யாரும் தின்பதில்லை, எனக்கும் தெரியும். ஆனால் இந்த உருண்டையை யாருக்குச் சுற்றினார்கள், எந்த வீட்டில் தொங்கவிட்டார்கள்? மத்தியானம் பிறந்த மான்ஸ்டருக்கு அதற்குள் யார் திருஷ்டியை ஏற்றினது? வாய்விட்டுச் சொல்ல முடியாமல் இருந்ததை மறைக்க ஒரு நல்ல சாக்கு கிடைத்துவிட்டது அவர்களுக்கு. அதுவும் என் மகள் கையாலேயே. அவள் தாம்பாளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

நான் இந்தக் குடியிருப்பில் ஆஸ்பத்திரித் தமிழ் பேசுகிறவள். 'என்னங்க', 'சொல்லுங்க', 'பரவாயில்லீங்க'. எங்கள் பேச்சை வாசல் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவேன். அன்றைக்கு அது என்னைக் கேட்காமல் உள்ளே வந்துவிட்டது.

"இன்னாக்கா பேசற நீ? முச்சந்தியில போடறதுக்கா எம்பொண்ணு மத்தியானம் ஃபுல்லா உருட்டிக்கினு இருந்தா? உம் மாமனாருக்கு தெனம் இன்சுலின் போடறது இந்தக் கைதான. உம்பொண்ணுக்கு ஜுரம் வந்தா புடிக்கிறது இந்தக் கைதான. ஊசி போட சொல்லோ ஒட்டாதது, உருண்ட புடிக்க சொல்லோ மட்டும் ஒட்டிக்குதா? நான் காலனிக்காரி. உன் குவார்ட்டர்ஸ் காலனி இல்ல, ஏரிக்கு அந்தாண்ட காலனி. அதுக்குத்தான இத்தினி நாளா பிளேட்டு? அத வாயத் தொறந்து சொல்லு, கேட்டுக்கறேன். திருஷ்டிய இன்னாத்துக்கு நடுவுல இழுக்கற?"

பேய்கள் எல்லாம் போர்வைக்குள் நின்றுவிட்டன. கதவோரம் நின்ற என் கணவர், வுடுமே என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

முதலில் பேசியது செகரட்டரி அம்மாவின் மகள்தான். போர்வையைத் தலையிலிருந்து இழுத்துவிட்டு, "மம்மி, அது நான்தான் சொன்னேன். ஜன்னல்ல பாத்து நான்தான் மீசை வெச்சேன். நான் அப்பவே நெறைய தின்னுட்டேன், எனக்கு ஒண்ணும் ஆவலயே" என்றாள். மற்ற பிள்ளைகளும் நானும், நானும் என்றார்கள். ஒன்றிரண்டு பேய் தாம்பாளத்தில் கை வைத்தது. ஒரு அம்மா கையைத் தட்டிவிட்டார். ஒருவர் தட்டவில்லை, தானும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்காமல் மென்றார். இரண்டு வீட்டுக்காரர்கள் பிள்ளைகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு மாடியேறினார்கள். அவர்கள் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. ஊசிக்கும் வருவதில்லை, கடைத்தெரு கிளினிக்குக்குப் போகிறார்கள். போகட்டும்.

என் மகள் ஒரு மான்ஸ்டரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு செகரட்டரி அம்மாவிடம் நடந்தாள்.

"எடுத்துக்கோங்க ஆன்டி. உங்க பொண்ணும் நானும் செஞ்சது."

"வேணாம்டா செல்லம்" என்றார் அவர். "ஆன்டிக்கு சுகர்."

"உனக்கு சுகர் இல்லக்கா. போன வாரந்தான விரல்ல குத்திப் பாத்தேன்? நல்லாத்தான் கீது" என்றேன். நர்ஸ் அப்படிச் சபையில் சொல்லக் கூடாது. சொன்னேன். யாரோ பின்னால் சிரித்தார்கள்.

"அப்ப வெச்சுட்டுப் போம்மா, அப்புறம் சாப்பிடறேன்."

"பரவால்ல ஆன்டி. நான் நிக்கறேன்."

நின்றாள். கையை நீட்டியபடியே நின்றாள். கை இறங்கவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் ஒரு அம்மா கூப்பிட வேண்டும்: பெரியவங்களைத் தொந்தரவு பண்ணாத, வாம்மா. என் அம்மா என்னை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறாள், ஊர்த் தெருவில், எத்தனையோ வாசலில். கூப்பிடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நான் கூப்பிடவில்லை.

செகரட்டரி அம்மா எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். தன் மகளைப் பார்த்தார். பிறகு என் மகளின் உள்ளங்கையிலிருந்து அதை இரண்டு விரலால் எடுத்து ஒரு கடி கடித்தார். மென்றார். தொண்டையில் இறங்கியது. மீசை ஓமப்பொடியில் கொஞ்சம் அவருடைய மேலுதட்டில் ஒட்டிக்கொண்டது.

என் மகள் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை, தேங்க்யூவும் சொல்லவில்லை. திரும்பி வந்து தாம்பாளத்திலிருந்து இன்னொன்றை எடுத்தாள். கையைத் தட்டிவிட்ட அந்த அம்மாவின் முன்னால் போய் நின்று, "எடுத்துக்கோங்க ஆன்டி" என்றாள்.